ஒரு கோரைப்பல்லும் ஒரு வலம்புரியும்

எங்கள் ஊரில் துப்பறிகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. டீக்கடையில் ஒரு கூட்டம், மீன் ஏலக்கூடத்தில் ஒரு கூட்டம், இப்போது வாட்ஸ்அப்பில் பெருங்கூட்டம். எல்லாருக்கும் முறை ஒன்றுதான். முதலில் ஆளைப் பிடித்துவிடுவார்கள், பிறகு சாவகாசமாக ஆதாரத்தைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு ஆதாரம்: பாரு, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைத்திருக்கிறான்!

நான் பல் டாக்டர். பிறந்தது இதே மாவட்டத்து நாசரேத்தில், வாத்தியார் குடும்பத்தில். தூத்துக்குடியில் கிளினிக் வைத்த பிறகுதான் சங்கு குளிக்கிறவர்களைத் தெரியும், அதுவும் வாய்வழியாகத்தான் தெரியும். படகில் கம்ப்ரசர் ஓட, அதிலிருந்து வரும் காற்றுக்குழாயின் ரப்பர் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டே கடலடியில் சங்கு பொறுக்குவார்கள். கடித்துக் கடித்துப் பல் ஆட்டம் கண்டுவிடும். அப்படி ஆட்டம் கண்ட பல்லோடு வந்தவர்களில் ஒருவன்தான் அவன். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டான். மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லை நான்தான் பிடுங்கினேன். சிரித்தால் அங்கே ஒரு ஜன்னல் தெரியும்.

"ஒரு பல்லு கட்டிக்கோங்க. பார்க்கவும் நல்லா இருக்கும், கடிக்கவும் சௌகரியம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

"ஆகட்டும் டாக்டரம்மா, மாதா திருவிழா கழியட்டும்" என்பான். அது கழிந்தால் கிறிஸ்துமஸ். அது கழிந்தால் ஈஸ்டர். கத்தோலிக்கர்களுக்குத் திருவிழாக்களுக்கா குறைச்சல்?

ஒரு நாள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அவன் படம் வந்தது. படகில் நின்றுகொண்டு, பெரிய சங்கு ஒன்றைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, வாயெல்லாம் சிரிப்பாகத் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'வலம்புரித் திருடன். ஜாக்கிரதை.' தெருவில் தண்ணீர் வரவில்லை என்று கதறினால் எட்டிப் பார்க்காத குழு அது. அன்றைக்கு ஆளாளுக்கு நீதிபதி ஆகிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். சங்கை அதன் நீண்ட வால்முனை மேலே இருக்கும்படி பிடித்தால் அதன் வாய் இடப்பக்கம் திறந்திருக்கும். லட்சத்தில் ஒன்று வலப்பக்கம் திறக்கும். அதுதான் வலம்புரி, வீட்டில் வைத்தால் லட்சுமி குடியேறுவாள் என்று வெளியூர்ப் பணக்காரர்கள் தேடி அலைகிற பொருள். படகில் யார் எதை எடுத்தாலும் ஒரே குவியலில் கொட்டிப் பங்கு பிரிப்பதுதான் இந்தக் கடற்கரையின் வழக்கம். வலம்புரி கிடைத்தால் அதுவும் எல்லாருக்கும் பொது. அதை ஒருவன் ஒளித்தால், கூட வந்தவர்களின் சோற்றில் கைவைத்தது மாதிரி.

அவன் அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறான், சங்கு பெரிதாக இருந்த சந்தோஷத்தில். அது கைமாறிக் கைமாறிச் சங்கு வியாபாரியிடம் போய்விட்டது. வியாபாரி பார்த்தார். சங்கின் வாய் வலப்பக்கம். உடனே படகுக்காரருக்குப் போன். அன்றைய குவியலைத் தேடலாம் என்றால், மூட்டை, சங்கு வளையல் அறுக்கக் கொல்கத்தாவுக்கு ரயிலேறிவிட்டது. மூட்டை கட்டியதும் அதே வியாபாரிதான். தன் கையால் அள்ளிப் போட்ட குவியலில் வலம்புரி இருந்திருந்தால் தன் கண்ணுக்குத் தப்பியிருக்காது, ஆகவே அவன் ஒளித்துவிட்டான் என்பது அவருடைய வாதம். தன் கண்மேல் மனிதருக்கு அவ்வளவு பக்தி!

குளிகாரர் சங்கம் கூடி, வலம்புரியைக் கொண்டு வந்து வைக்கும்வரை எந்தப் படகும் அவனை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. கடலில் அவனுக்குப் பக்கத்திலேயே சங்கு குளித்த இரண்டு பேரிடம் கேட்டார்கள். "நாங்க கவனிக்கல" என்றார்கள். கவனித்தோம், சாதாரணச் சங்குதான் என்று சொல்ல வாய் வரவில்லை அந்த வீரர்களுக்கு.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் குற்றவாளியா என்று பார்க்கவில்லை, பல்லைப் பார்த்தேன். தொழில்புத்தி. ஜன்னல் அவனுடைய வலப்பக்கத்தில் இருந்தது. நான் பிடுங்கியது இடப்பக்கப் பல் அல்லவா? பல் டாக்டருக்கு வரக்கூடிய கெட்ட கனவுகளில் மோசமானது, பக்கம் மாற்றிப் பிடுங்குவதுதான். கம்பவுண்டரை விட்டு அவனை உடனே வரச்சொன்னேன்.

வந்தான். முகம் பாதியாகியிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். ஜன்னல் இடப்பக்கம்தான் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது: பல் இடம் மாறவில்லை, படம்தான் மாறியிருக்கிறது.

"இந்தப் படத்தை எந்த போன்ல எடுத்தீங்க?"

"இதுலதான். புதுசு. மச்சான் துபாயிலேருந்து கொண்டாந்தான்."

வாங்கி, கிளினிக் மேஜையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த சங்கை அவன் கையில் கொடுத்து, அதே மாதிரி எடுக்கச் சொன்னேன். எடுத்தான். படத்தில் என் மேஜைச் சங்கு வலம்புரியாக ஜொலித்தது. சில போன்கள் முன்பக்கக் கேமராவில் எடுக்கிறதைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே வைத்துக்கொள்ளும். இடம் வலமாகும், வலம் இடமாகும்.

"உங்களுக்கே தெரியலையா? உங்க பல்லு பக்கம் மாறியிருக்கே?"

"கண்ணாடியில தெனம் இப்படித்தான டாக்டரம்மா தெரியுது?" என்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "படத்தப் பாத்துப் பாத்து எனக்கே சந்தேகம் வந்துட்டு. நெசமாவே வலம்புரிதானோ, நாந்தான் தெரியாம குவியல்ல போட்டுத் தொலச்சிட்டனோன்னு. அவங்க சொல்லுதது சரியா இருக்குமோன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மனிதனைத் திருடன் என்று சொன்னது போதாதென்று, அவனையே நம்பவும் வைத்திருக்கிறார்கள். அவனும் சங்குக்காரன் அல்லவா? அதுதான் வினை. வெளியூர்க்காரன் எவனாவது அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், நல்ல பெரிய சங்கு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். சங்கு எந்தப் பக்கம் வாய் திறக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற கண் இருந்தால்தான் இப்படி ஒரு தவறைச் செய்ய முடியும். அத்தனை நிபுணர்களும் சங்கின் வாயைத்தான் பார்த்தார்கள். பக்கத்திலேயே இளித்துக்கொண்டிருந்த மனிதனின் வாயை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அவனைக் கூட்டிக்கொண்டு சங்கக் கட்டிடத்துக்குப் போனேன். படகுக்காரரும் வியாபாரியும் இருந்தார்கள். பொம்பளை டாக்டர் எதற்கு வந்திருக்கிறாள் என்ற பார்வை. நான் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. மேஜைச் சங்கைப் படகுக்காரர் கையில் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, இது என்ன சங்கு?"

"எடம்புரி. இதுகூடத் தெரியாமலா தொழில் பண்ணுதோம்?"

"அவர் போன்ல உங்களை நீங்களே ஒரு படம் எடுங்க. சங்கைக் கன்னத்துல வச்சுக்கிட்டு, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டு."

எடுத்தார். படத்தைச் சுற்றி நின்றவர்களுக்குக் காட்டினேன். எடம்புரி வலம்புரியாகியிருந்தது.

"இப்ப உங்க கையிலயும் ஒரு வலம்புரி வந்துட்டு. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

வியாபாரி சும்மா இருப்பாரா? தன் போனை எடுத்து, அதில் ஒரு படம் பிடித்து, "எம் போன்ல சரியாத்தானே வருது!" என்று வெற்றிக்கொடி நாட்டினார். அவர் போன் திருப்பாது, இவன் போன் திருப்பும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். அப்படியும் தலையைச் சொறிந்தார். கடைசியில் அவனை வெளிச்சத்தில் நிறுத்தி, "வாயைத் திறங்க" என்றேன். படத்தையும் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நிரபராதி தன்னை நிரூபிக்க, மாட்டுச்சந்தையில் நிற்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பல் கட்டிக்கொள்ளச் சொன்ன என் பேச்சைக் கேட்டிருந்தால் ஆயுசுக்கும் திருடன்தான்.

மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். கவனிக்காத இரண்டு வீரர்களும், "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். படகுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிலே, நாளைக்குக் கடலுக்கு வா. ஆனா ஒனக்கு எதுக்குலே இந்த போட்டா எடுக்குத வேலையெல்லாம்?" என்றார். ஆக, குற்றம் அப்போதும் அவனுடையதுதான். எங்கள் தெருக் குழுவில் நான் நடந்ததை எழுதினேன். கும்பிடுகிற கைப்படங்கள் கொஞ்சம் வந்தன. அதற்கடியில் ஒருவர், நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டிருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, நல்ல படிப்பாளி.

சமீபத்தில் வேறொரு பல்லுக்காக அவன் மனைவி வந்திருந்தாள். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். பழையபடி கடலுக்குப் போகிறான் என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

"கரையில எறங்குனதும் எங்க வீட்டுக்காரங்க தன் பையத் தலகீழாக் கொட்டிக் காட்டுதாங்க டாக்டரம்மா. தண்ணி பாட்டிலு, துண்டு, சோத்துச் சட்டி எல்லாத்தையும். யாரும் கேக்கல. தெனமும் கொட்டுதாங்க."

"மத்தவங்க வேண்டாம்னு சொல்லலையா?"

"சொல்லுதாங்க. எதுக்குலே இது, நாங்க கேட்டமான்னுதான் சொல்லுதாங்க" என்றாள். "ஆனா கொட்டி முடிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போறாங்க."