நான் சேர்த்த வசனம்

அரியலூர் தியேட்டரில் தமிழ் பேசும் சீனப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் சுவரில் நாலு எட்டு ஓடி, அந்தரத்தில் திரும்பி, இரண்டு பேரை ஒரே உதையில் சாய்த்தான். பெஞ்சு டிக்கெட் முழுக்க விசில். பக்கத்து இருக்கையில் மச்சான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "அப்புடி உதைச்சா உதைச்சவன்தான் மாப்ள மொதல்ல கீழ வுழுவான்" என்றார். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். மச்சானை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அந்தக் கட்டிய கைகள்தான்.

மச்சான் என் அக்காவின் கணவர். அரியலூர்–திருமானூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஆறு வருடம் கராத்தே பழகியவர். அவரோடு சண்டைப் படம் பார்ப்பது சமையல்காரரோடு கல்யாணப் பந்தியில் உட்காருவது மாதிரி. எதிலும் உப்பு சரியாக இருக்காது. "எட்டுப் பேரு சுத்தி நிக்கிறான். ஏன் ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்கிட்டுப் போறான்? எல்லாரும் ஒண்ணா வந்தா எந்த மாஸ்டரும் காலி" என்பார். "நெஜ சண்ட பாக்க நல்லாவே இருக்காது மாப்ள. பத்து செகண்டுல முடிஞ்சிரும். முடியலன்னா ஓடிரணும்." எனக்கு எரிச்சலாக வரும். உள்ளதை உள்ளபடி காட்டினால் எவன் டிக்கெட் எடுப்பான் என்று நானும் விடமாட்டேன்.

எனக்கு அதில் தொழில் அக்கறையும் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். அட்டைப் படத்தைப் பார்த்து யாரும் கேசட் எடுக்கமாட்டார்கள். "சண்ட எப்புடிங்க?" என்று கேட்பார்கள், நான் கை காலை ஆட்டிச் சொல்லிக் காட்ட வேண்டும். படத்தில் மூன்று பேர் விழுந்தால் என் வாயில் ஆறு பேர் விழுவார்கள். வசனம் இல்லாத இடத்தில் நானே வசனம் போட்டுவிடுவேன். கேசட்டைத் திருப்பித் தர வருகிறவர்கள், "படத்தவிட நீங்க சொன்னதுதாங்க நல்லா இருந்துச்சு" என்பார்கள். அந்தப் பாராட்டில் தலைகால் புரியாமல் திரிந்த காலம் அது.

ஒருநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்தபடியே அன்று பஸ்ஸில் நடந்ததைச் சொன்னார். கீழப்பழுவூரில் ஏறிய நாலு பையன்கள் காலேஜ் பெண் ஒருத்தியிடம் வம்பு செய்திருக்கிறார்கள். இறங்கச் சொன்னதும் ஒருவன் இவர் சட்டைக் காலரைப் பிடித்தான். மச்சான் அவன் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கினார். அவன் வலி தாங்காமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். மற்ற மூன்று பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இவர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது. "வெரலு ஒடிஞ்சிருக்குமோன்னு இருக்கு. சின்னப் பய" என்றார். "அதோட போவட்டும், யார்ட்டயும் பேச வேணாம்" என்றாள் அக்கா. என்னையும் பார்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் கடைக்கு வந்த முதல் ஆளிடமே ஆரம்பித்துவிட்டேன். ஒருவன் ஜன்னல் வழியாகப் பறந்தான். ஒருவன் பஸ்ஸின் பின்பக்க ஏணியில் தலைகீழாகத் தொங்கினான். மதியத்துக்குள் கடை வாசலில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். முடிவு மட்டும் சப்பென்று இருப்பதாக எனக்குப் பட்டது. அதனால் மச்சானைப் படிக்கட்டில் நிற்க வைத்து, "போயி இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வாங்கடா" என்று பேச வைத்தேன். கை தட்டினார்கள். சாயங்காலம் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி கேட்க வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் சொன்னது பஸ் ஏறி எந்த ஊருக்கும் போகும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

விரல் வீங்கியதை அந்தப் பையன் வீட்டில்கூடச் சொல்லாமல் மறைத்திருந்தானாம். என் வசனம்தான் அவனைத் தெருவில் நடக்க விடவில்லை. "இன்னும் நாலு பேரு வேணுமாடா" என்று பார்க்கிறவர்களெல்லாம் கேலி செய்திருக்கிறார்கள். நாலாம் நாள் மத்தியானம், திருமானூரில் பஸ் திரும்பும் இடத்தில் எட்டுப் பேர் நின்றார்கள். பிறகு டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நாலு பேரக் கூட்டியாரச் சொன்னியாமே, எட்டுப் பேரா வந்திருக்கோம்" என்றானாம் ஒருவன். "நான் அப்புடிச் சொல்லலப்பா" என்று மச்சான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். எட்டுப் பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். இடது முழங்காலில் இரும்புக் குழாய் இறங்கியது.

தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என்னிடம் கேட்டார்: "நான் சொல்லாத வார்த்தைய யாரு மாப்ள சொல்லியிருப்பா?"

"எவனாவது கெளப்பி வுட்டிருப்பான் மச்சான்" என்றேன். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அன்றே சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார்கள், அழுதிருப்பார்கள், தீர்ந்திருக்கும். நான் பயந்துவிட்டேன். கால் சரியாக மடங்கவில்லை. ஓடும் பஸ்ஸில் நிற்க முடியாமல் கண்டக்டர் வேலை போனது. முதலாளி இரக்கப்பட்டு பஸ் ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அந்த வேலைக்கு முதல் நாள் அவரை சைக்கிளில் கொண்டுபோய் விட்டவனும் நான்தான். "நீ இல்லன்னா சிரமம் மாப்ள" என்றார். நான் பெடலை இன்னும் அழுத்தி மிதித்தேன். அதன் பிறகு கடையில் யார் கேட்டாலும் சண்டை சொல்வதை விட்டுவிட்டேன். அதைப் பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டு டிவியில் ஏதோ சண்டைப் படம். மச்சான் காலை நீட்டி உட்கார்ந்து, குறை எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மகள் என்னிடம் வந்தாள். "மாமா, அப்பா பஸ்ஸுல நாலு பேரப் பறக்க வுட்டாராமே, எங்க கிளாஸ்ல சொல்றாங்க. நீங்க சொல்லுங்க."

மச்சான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லு மாப்ள. அன்னைக்கிக் கடையில சொன்ன மாதிரியே சொல்லு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. அவளிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு பையன் காலரைப் பிடித்தான், அப்பா அவன் விரலை மடக்கினார், அவர்கள் இறங்கிப் போனார்கள், பஸ் கிளம்பியது. "ஒங்கப்பா அவனுங்ககிட்ட ஒரு வார்த்தகூடச் சவடாலாப் பேசல. அதெல்லாம் நான் பேசுனதும்மா."

"இவ்வளவுதானா?" என்றாள். முகம் சுருங்கிவிட்டது.

"இவ்வளவுதாம்மா" என்றார் மச்சான். "இதோட முடிஞ்சிருக்க வேண்டியது."