ஆடி கழியும்வரை

பதினெட்டு வருடம் வாடகை வீடுகளில் இருந்தவளுக்கு வாடகைக்காரரின் வயிற்றெரிச்சல் நன்றாகவே தெரியும். அதனால்தான் நெல்லியடியில் விலைக்கு வந்த அந்த நான்கறை வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றே கொப்பி ஒற்றையில் வீட்டை இரண்டாகப் பிரித்துப் படம் கீறினேன். பின் இரண்டு அறைகள் எனக்கு. முன் இரண்டும் வெளியூரிலிருந்து படிப்பிக்க வரும் ரீச்சர்மாருக்கு. அந்த வாடகையில் வங்கிக் கடனைக் கட்டிவிடலாம். நடுக்கதவைக் கல் வைத்து அடைக்க வேண்டும். அவர்கள் தெருவிலிருந்து வந்துபோகத் தனிப் படலை, தனிக் குளியலறை, உடுப்புக் காயப்போட மதிலோரம் தனிக் கொடி. என் கொடியில் என்ன தொங்குகிறது என்று விடுப்புப் பார்த்த வீட்டுக்காரிகளிடம் நான் பட்டது போதும்.

வீட்டை அளக்க அக்காவின் புருசனை, அத்தானைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். கட்டட வேலை தெரிந்தவர். சுவரைத் தட்டினார், கிணற்றை எட்டிப் பார்த்தார், வீடு திறம் என்றார். அளவு நாடாவின் ஒரு நுனியை அவர் பிடிக்க மறுநுனியை நான் பிடித்து, எல்லா அளவுகளையும் என் படத்தில் குறித்துக்கொண்டேன்.

ஆடிப்பிறப்பன்று அக்கா வீட்டில் கூழ். வீட்டை விற்கும் கொழும்பு வீட்டுக்காரர் உறுதிப் பத்திரத்தைக் கெதியாய் எழுதி முடிக்கச் சொல்கிறார் என்றேன்.

"ஆடியிலை ஆரும் வீடு எழுதுவினமோ? ஆடி கழியட்டும். வீடென்ன கால் முளைச்சு ஓடப்போகுதோ?" என்று அக்கா இன்னொரு அகப்பை வார்த்தாள். அத்தான் ஒருதரம் வடிவாகப் பார்க்கட்டும் என்று படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீடு ஓடவில்லை. அத்தான்தான் எனக்கு முந்தி ஓடினார். ஆவணி பிறந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"உங்கடை அத்தான் போன மாதமே உறுதி முடிச்சிட்டாரே, பிள்ளை. உங்களுக்குத் தெரியும் எண்டல்லோ நினைச்சன்" என்றார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனேன். மேசன் நடுக்கதவை அடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்த அக்கா என்னைக் கண்டதும் முகம் கறுத்தாள். பிறகு சமாளித்துக்கொண்டாள்.

"கோவிக்காதை. முன்பக்கத்தை வெளியாருக்குக் குடுக்கிறதிலும் பாக்க உனக்கே வாடகைக்குத் தரலாம் எண்டு அத்தான் சொன்னவர். நீ கேட்ட தனிக் கொடியும் கட்டியாச்சு."

அத்தான் செய்ததை யாரோ அந்நியன் செய்ததாக நினைத்து விழுங்கியிருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டே எனக்குக் கூழ் வார்த்தவளை மன்னிக்க முடியவில்லை. இன்றுவரைக்கும் முடியவில்லை.

மேசனுக்குப் பக்கத்தில் என் படம் சீமெந்துக் கறையோடு கிடந்தது. எடுத்து மடித்தேன்.

"ஐயோ தங்கச்சி, அளவெல்லாம் உதிலைதான் கிடக்கு" என்றார் அவர்.

"ஓம் அண்ணை," என்றேன். "அது என்ரை வீட்டின்ரை அளவு."