நூற்று அறுபத்தெட்டு "இல்ல"

இடது கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் நான் உதவிக்குப் போனாலும் முறைப்பார். லாரி எடைமேடையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். பக்கவாதம் வலது கையையும், ஓரிரு வார்த்தை போகப் பேச்சையும் கொண்டுபோயிருந்தது.

வார்டுக்கு வந்த நாளிலிருந்து, மணிக்கட்டில் கட்டிய நோயாளி எண் அட்டையைப் பார்ப்பார். உதடு அசையும். "இல்ல" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இல்ல." ஒன்றையே திரும்பச் சொல்லும் நோயாளிக்குத் தடவைக்கு ஒரு கோடு போட வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. போட்டேன். பக்கத்தில் 'மனக்குழப்பம்' என்றும் பன்னிரண்டு நாள் எழுதினேன். அதைப் படித்த டாக்டர், அவரை மனநோயாளிகளைப் பூட்டிவைக்கும் விடுதிக்கு மாற்றத் தாள் தயாரித்துவிட்டார். கையெழுத்துப் போட மகன் வந்தான்.

அன்று மத்தியானம் "இல்ல" நின்றது. "ஆயிரத்து ஒம்பது," என்றார். "ஆயிரத்துப் பதிமூணு." மறுபடி அதே.

"பாத்தீங்களாம்மா? முத்திப்போச்சு," என்று மகன் பேனாவைத் திறந்தான்.

அவர் பேனாவைத் தட்டிவிட்டார். போர்வைமேல் விரலால் பெருக்கல் குறி போட்டார்.

"இங்கயும் ஆரம்பிச்சிட்டியாப்பா? வர்ற லாரி நம்பரையெல்லாம் எதால வகுபடும்னு பாத்துப் பாத்து அம்மா உசுர வாங்குனது பத்தாதா?"

"இத முன்னாடியே சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். "போன எடு. அந்த ரெண்டு நம்பரையும் பெருக்கு."

முனகிக்கொண்டே பெருக்கினான். "பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூத்திப் பதினேழு. போதுமா?"

அட்டையைத் திருப்பினேன். 1022117.

மகன் குனிந்து போனையும் அட்டையையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டான்.

"மனசுக்குள்ளயே வகுத்துருக்காரும்மா. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும் வகுபடுமே, பகா எண்ணு, அத மட்டும்தான் வரிசையா போட்டுப் பாப்பாரு. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு..."

வகுபடாத ஒவ்வொன்றுக்கும் ஒரு "இல்ல". கோடுகளை எண்ணினேன். நூற்று அறுபத்தெட்டு. அவன் போனில் தேடினான். ஆயிரத்து ஒன்பதுக்குக் கீழே உள்ள பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. இத்தனை சுத்தமாக வேலை செய்த தலையைக் குழம்பியது என்று எழுதியவள் நான்.

"தப்பு என்மேலதான் அண்ணே," என்றேன்.

"ஆயிரத்து ஒம்பது!" என்று அதட்டினார். அவருக்கு அப்போது வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலை, டாக்டர் வருமுன்பே அவர் மேசையில் கோடு போட்ட தாள்களை வரிசையாக அடுக்கி, 'மனக்குழப்பம்' பன்னிரண்டையும் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் வந்து இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு மாற்றல் தாளைக் கிழித்தார். பேச்சுப் பயிற்சிக்குப் பத்து மணி என்று எழுதி வாங்கிக்கொண்டு, எடைமேடைக்காரரைக் குளிப்பாட்டப் போனேன்.