மூணுல வெச்சு அமுக்கு

என் கேமராவுக்கான கையேடு அறுநூறு பக்கத்துக்கு மேல். அச்சடித்துக் கொடுக்க அவர்களுக்கே மனசு வரவில்லை போலிருக்கிறது, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இறக்கினேன். நூற்றெண்பதாவது பக்கம்வரை படித்தேன். அதற்குள் கேமரா வாங்கி ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கத்து ஏரிக்கரைக்குப் போனால் என்னைப் போலவே நாலைந்து பேர் நிற்பார்கள். எதிரே கொக்கு நிற்கும். இவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மெனுவுக்குள் எதையோ தேடுவார்கள். கொக்கு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடும். ஒருநாள் நானும் அப்படித் தேடப் போய், வேறெதையோ மாற்றிவிட்டு, அதைத் திருப்பத் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அதனால் இந்தக் கேமராக்கள்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அமுக்கினால் படம் வர வேண்டும், அவ்வளவுதானே. முகத்தைத் தேடு, கண்ணைத் தேடு, இடது கண்ணா வலது கண்ணா சொல், மனிதனா பறவையா ரயிலா சொல் என்று உயிரை வாங்குகிறது. யாரைக் கேட்டு இதையெல்லாம் வைத்தார்கள் என்று என் மனைவியிடம் ஒருநாள் கத்தினேன். "நீங்கதானே இதெல்லாம் இருக்குன்னு சொல்லி வாங்குனீங்க" என்றாள். அதுவும் உண்மைதான்.

அந்தக் கோபம் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதற்குக் காரணம் என் அக்காவின் கேமரா. அதை நான் கெடுத்தேன்.

அக்கா வீடு ஜீவனஹள்ளியில். அவள் கணவர், எங்கள் மாமா, ஒரு தொழிற்சாலையில் செய்து வரும் உதிரி பாகங்களை அளந்து பார்த்துத் தேற விடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு கேமரா வாங்கினார். அதற்கும் அறுநூறு பக்கம். கையேட்டை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து முழுசாக அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். முழுசாக என்றால் முழுசாகத்தான். ஆனால் அவர் படம் எடுத்து நான் பார்த்ததே இல்லை. கேமராவுக்குள் ஒவ்வொன்றையும் சரியாக வைப்பதில்தான் அவருக்கு ருசி. வைத்து முடித்ததும் அதை அக்கா கையில் கொடுத்துவிட்டார்.

கேமராவின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் உண்டு. நமக்கு வேண்டிய அமைப்புகளை அந்தந்த எண்ணில் சேர்த்துவைத்துக்கொள்ளலாம். மாமா அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்றே வாக்கியம். ஒண்ணு வெளிய. ரெண்டு வீட்டுக்குள்ள. மூணு விசேஷம். மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். மற்ற பட்டன்களை எல்லாம் உள்ளேயிருந்து முடக்கிவிட்டார். எதில் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது.

"மூணுக்குள்ள என்ன இருக்குன்னாச்சும் தெரியுமாக்கா?" என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன்.

"அது எனக்கெதுக்குடா. மூணுல வெச்சு அமுக்குனா வருது. உனுக்கு வருதா?" என்றாள்.

வராது. காபியைக் குடித்தேன்.

அந்தத் தெருவில் வளைகாப்பு, மஞ்சள் நீர், பெயர் வைப்பது என்று எது நடந்தாலும் அக்காவைக் கூப்பிடுவார்கள். பெண்கள் மட்டும் கூடுகிற இடத்தில் பெண் கையில் கேமரா இருப்பது அவர்களுக்கு வசதி. படம் எடுத்ததும் அக்கா கேமராவைத் திருப்பிக் காட்டுவாள், பத்துப் பேர் தலையை நீட்டிப் பார்ப்பார்கள், புடவை மடிப்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் இன்னொரு முறை எடுப்பாள்.

மாமா திடீரென்று போய்விட்டார். அதன்பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் கேமரா பீரோவிலேயே கிடந்தது.

எங்கள் பக்கம் வளைகாப்பில் கர்ப்பிணிக்கு வளையல் போடுகிறவர்கள் சுமங்கலிகள்தான். புருஷனை இழந்தவளை விரட்ட மாட்டார்கள், வாங்க வாங்க என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவளே பின்னால் போய், சமையல்கட்டில் ஏதாவது வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இது பிடிக்காது. பிடிக்காது என்று நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அக்காவைக் கூப்பிட வந்தவர்கள், "கேமராவோட வரணும்கா" என்று சொன்னார்கள். படம் எடுக்கிறவள் முன்னால்தானே நின்றாக வேண்டும். அக்காவுக்கு அது புரிந்தது. அவள் பெண்ணுக்கும் அப்போது ஐந்தாம் மாதம். இதில் ஒருமுறை நின்று பழகிவிட்டால் பெண்ணின் வளைகாப்பிலும் முன்னால் நிற்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். இதை அவள் பிற்பாடு என் மனைவியிடம் சொன்னாள்.

பீரோவிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டதும் கேமரா இங்கிலீஷில் எதையோ கேட்டது. என்னிடம் கொண்டுவந்தாள். பல மாதம் சும்மா கிடந்ததில் உள்ளே கடிகாரம் நின்றுவிட்டது, தேதி கேட்கிறது, அவ்வளவுதான். தேதியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் மெனுவுக்குள் போனேன்.

பாதிப் பட்டன் வேலை செய்யவில்லை. முகம் தேடும் வசதியை அணைத்திருந்தது. வெளிச்சம் அளவுக்கு மேல் ஏற்றியிருந்தது. குவியம், அதாவது ஃபோகஸ், பார்க்கும் சதுரம் நட்ட நடுவில் அசையாமல் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் வேலை செய்வது ஒரு கம்பெனியின் உதவி மேசையில். கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று யார் கூப்பிட்டாலும் இருபது வருஷமாக ஒரே பதில்தான்: ரீசெட் பண்ணுங்க. கை தானாகப் போய் அமுக்கிவிட்டது. எல்லாம் அழியும், சம்மதமா என்று கேமரா கேட்டது. சம்மதம் என்றேன். ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது.

"புதுசு மாதிரி ஆயிடுச்சுக்கா" என்று நீட்டினேன்.

"மூணு மூணாவே இருக்குதில்ல?"

"இருக்கு" என்றேன். திருகில் அந்த எண் இருக்கத்தானே செய்தது.

பக்கத்து வீட்டு வளைகாப்பில் நடந்ததை, அக்காவோடு போயிருந்த என் மனைவி வந்து சொன்னாள். அக்கா மூன்றில் வைத்து அமுக்கியிருக்கிறாள். குவியச் சதுரம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் பின்னால் நின்ற யாரோ ஒரு பாட்டியம்மாள் படத்தில் பளிச்சென்று விழுந்தாள், கர்ப்பிணி மங்கலாகிவிட்டாள். அடுத்தது இருட்டு. அடுத்தது ஆட்டம். "பரவால்லக்கா, பேஜாராவாதீங்க, ஃபோன்ல எடுத்துக்கலாம்" என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அக்கா கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்துபோய் எலுமிச்சை சாதத்தைக் கிண்ணங்களில் போட ஆரம்பித்தாளாம். வளையல் போட்டு முடியும்வரை வெளியே வரவில்லை.

ரீசெட் செய்தது நான்தான் என்று மனைவியிடம் அன்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் தன் பெண்ணோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "படம் எடுக்க நீ ஆள் வெச்சுக்கோம்மா. என்னால ஆவாது" என்றாள். உன் வளைகாப்பை நானே எடுக்கிறேன், ஆளெல்லாம் வேண்டாம் என்று அதுவரை பிடிவாதம் பிடித்தவள் அக்காதான். ஃபோனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல எனக்குக் காபி கலக்கப் போனாள்.

"அக்கா, அன்னிக்கி நான்தான் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"தெரியும்டா. கடைசியா நீதானே தொட்ட."

"ஏன் கேக்கல?"

"கேட்டா மட்டும்? மூணுன்னா அது உங்க மாமாடா. இப்போ வேற யாரோ உக்காந்துனு இருக்காங்க." டம்ளரை என் முன்னால் வைத்தாள். "சக்கரை போட்டுட்டேன். குடி."

அழுதிருந்தால்கூடத் தேவலை.

அமைப்புகளை மறுபடி வைக்க ஒரு வழி உண்டு என்று எனக்குத் தெரியும். கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும், அது எந்த அளவில் எடுக்கப்பட்டது என்ற விவரம் சேர்ந்தே பதிவாகும். பழைய விசேஷப் படங்கள் கிடைத்தால் மாமா வைத்ததைப் படித்துவிடலாம். அக்காவின் ஃபோனில் பார்த்தேன். வாட்ஸப்பில் போய்வந்த படங்களில் விவரம் எல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சாமி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பாக்குத் தூள் டப்பாவை எடுத்துவந்தாள். உள்ளே மெமரி கார்டுகள். ஒன்றுகூட அழிக்கப்படவில்லை. அளந்து பார்க்கிற மனிதர், அழிப்பாரா.

ஒரு ஞாயிறு மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். நான் தப்பு என்று நினைத்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. வெளிச்சத்தை ஏற்றியிருந்தார், ஏனென்றால் வெள்ளைச் சுவரும் சரிகையும் நடுவில் வந்தால் கேமரா முகங்களை இருட்டாக்கிவிடும். சதுரத்தை நடுவில் கட்டிவைத்திருந்தார், ஏனென்றால் அக்கா யாரை எடுக்கிறாளோ அவரை நடுவில்தான் வைப்பாள். ஷட்டர் வேகம் எந்தப் படத்திலும் ஒரு அளவுக்குக் கீழே இறங்கவில்லை. அதற்குக் காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அக்காவைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னேன். மிக்ஸி மூடியை அமுக்குவதுபோல மொத்தக் கையாலும் அமுக்கினாள். கேமரா ஆடியது. அந்த ஆட்டத்துக்குத்தான் அந்த வேகம். அந்த வேகத்தால் படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும் என்று விட்டிருக்கிறார். அறுநூறு பக்கத்தையும் படித்தது இவள் கை எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்பதற்காக. எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமையாக இருந்தது.

ஒவ்வொன்றாக வைத்து, மூன்றில் சேர்த்து, அக்காவிடம் கொடுத்தேன். என்னையே எடுத்தாள்.

"வருது," என்றாள். பிறகு, "ஆனா ஓடிடுதுடா."

"எது?"

"படம். எடுத்ததும் நிக்கும். இது உடனே ஓடிடுது."

எடுத்த படம் திரையில் எவ்வளவு நேரம் தெரிய வேண்டும் என்பது படத்தோடு பதிவாகாது. அதை மட்டும் அவளைக் கேட்டுத்தான் வைக்க முடியும். இரண்டு நொடி வைத்தேன். பத்தாது என்றாள். ஐந்து வைத்தேன். "இல்ல, இன்னும் நிக்கும்." பத்து வைத்தேன். உதட்டைப் பிதுக்கினாள். பட்டியலின் கடைசியில் ஒன்று இருந்தது: வேறு எதையாவது தொடும்வரை படம் போகாது. அதை வைத்தேன். அக்கா மறுபடி என்னை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆங். இதான்," என்றாள். "அந்தப் புள்ளைக்கு ஃபோன் போடு, ஆள் வேணாம்னு சொல்லணும்."

வளைகாப்பு காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. வளையல் போடும் வரிசையில் முதலில் வந்தது மாப்பிள்ளையின் அம்மா. அக்கா திருகை மூன்றில் வைத்தாள், கேமராவைத் தூக்கினாள், "சம்பந்தி, கொஞ்சம் நவுந்து நில்லுங்க, மறைக்குது" என்றாள். சம்பந்தியம்மாள் நகர்ந்தார். அதன்பிறகு அங்கே நின்ற அத்தனை சுமங்கலிகளும் அக்கா சொன்ன இடத்தில் நின்றார்கள், அக்கா சரி என்று சொன்னபிறகுதான் கையை எடுத்தார்கள். சமையல்கட்டுப் பக்கம் அவள் ஒருமுறைகூடப் போகவில்லை. அக்கா எந்த வளையலும் போடவில்லை.

மறுநாள் படங்களை என் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். வெளிச்சம் சரி, குவியம் சரி, ஆட்டம் இல்லை. ஒரே ஒரு தப்புதான். வளையல் போடுகிறவர் மாறிக்கொண்டே இருக்கிறார், பெண் அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் கையை யாரிடமோ கொடுத்துவிட்டு நேரே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆள் வைத்திருந்தால் அவர் முதல் படத்திலேயே, இங்கே பார்க்காதீங்க மேடம், வளையலைப் பாருங்க என்று சொல்லியிருப்பார். அக்கா கடைசிவரை சொல்லவில்லை.