பூஜ்யத்தில் நிற்காத முள்

வளைகுடா நாட்டில், முசஃபா என்ற தொழிற்பேட்டையில் கார் ஏ.சி. பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் நான் மெக்கானிக்காக இருந்தேன். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்தவர். தொழிலாளர் கேம்பில் இருவரும் ஒரே ரூம். ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டோம். அந்தக் கோடையில்தான் அவர்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

காரணம் கேஸ். ஏ.சி.க்கு நிரப்பும் கேஸ் சிலிண்டர்கள் புதிதாக ஒரு லாட் வந்திருந்தன. அதில் நிரப்பிய வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. குளிர்ச்சி இல்லை, கம்ப்ரஸர் மூச்சு முட்டுவதுபோல் இரைந்தது. பெஷாவர்க்காரரான ஒரு டாக்ஸி டிரைவர், "பாய், கேஸ் போட்டியா, காத்தைப் போட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். சிலிண்டரை எடுத்துப் பார்த்தேன். லேபிள் பழையதைப் போலவே இருந்தது. ஆனால் எழுத்தின் நீலம் சற்று வெளிறியிருப்பதாகப் பட்டது. தெரிந்தேதான் மட்டச் சரக்கை இறக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். அதன்பின் அவர் போனில் குரலைத் தாழ்த்தினால்கூட என் காது அங்கேயே போனது. அவரும் முன்போல இல்லை. நான் திருப்பிக் கொடுக்கும் சிலிண்டரைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைத்தார்.

ஒருநாள் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி அவரிடமே காட்டினேன். "அண்ணே, பிரஷர் ரொம்ப ஏறிக் கெடக்கு. சரக்கு சரியில்ல."

"வெயிலுக்க கிடந்த சிலிண்டர் தம்பி. பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்?"

அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை. சிலிண்டருக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை, நிறைய இருக்கிறதா கொஞ்சம் இருக்கிறதா என்பது கணக்கே இல்லை. சூடுதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். அதனால்தான் கேஜின் வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாக வெப்பநிலையும் அச்சிட்டிருப்பார்கள். கேஸ் சுத்தமானதாக இருந்தால் முள் காட்டும் வெப்பநிலையும் சிலிண்டரின் வெப்பநிலையும் ஒன்றாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் வெயிலில் காய்ந்து மறுபக்கம் நிழலில் கிடந்த சிலிண்டருக்கு எந்த வெப்பநிலை என்று சொல்வது?

"அப்ப ஐஸுக்குள்ள வைச்சுப் பாப்பம்," என்றார் அவரே. ஐஸும் தண்ணீரும் கலந்து கிடக்கும்வரை, வெளியே என்ன வெயில் அடித்தாலும், அது பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும். அவர் வாயிலிருந்தே இந்த யோசனை வந்ததும் என் சந்தேகம் கூடியது. மதிய இடைவேளையில் மூலைக் கடையிலிருந்து ஐஸ் மூட்டைகளை அவரே சுமந்து வந்தார். உப்புச் சேர்ந்தால் ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்; முள்ளும் அதோடு இறங்கி மட்டச் சரக்கையும் நல்லதாகக் காட்டும். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன்.

"என்ன, நஞ்சு கலந்திருக்கெண்டு பாக்கிறீரோ?"

உப்புக் கரிக்கவில்லை; ஐஸையும் தண்ணீரையும் ஒரு தொட்டியில் கொட்டிப் புதிய சிலிண்டரை அதில் இறக்கினேன். அவரும் விடவில்லை. "உம்மட கேஜில பிழை இருந்தால்?" என்று, பழைய சரக்கில் மிச்சமிருந்த பாதிச் சிலிண்டர் ஒன்றையும் கொண்டுவந்து அதே தொட்டியில் இறக்கினார். தண்ணீரைக் கலக்கிக் கலக்கி இருவரும் காவல் காத்தோம். ஒருவரும் எழுந்து போகவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன.

பழைய சிலிண்டரில் முள் வெப்பநிலை வட்டத்தில் சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. அதே கேஜைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். முள் பத்தைத் தாண்டி நின்றது. கலக்கினோம், காத்திருந்தோம், ஐஸ் சேர்த்தோம். இறங்கவே இல்லை. உள்ளே இருந்தது வேறு ஏதோ கலந்த சரக்கு. என்ன கலந்திருந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் உம்மைத்தான் நினைச்சனான். வெளியில கூட்டாளிமாரின்ர வண்டிக்கு அடிக்கிறீர், அதுதான் கேஸ் இவ்வளவு கெதியா முடியுது எண்டு."

"நான் உங்களத்தாண்ணே நெனச்சேன்."

"எனக்குத் தெரியும். இந்த லாட்டை எடுக்கச் சொன்னது நானில்ல. மேனேஜர்."

மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் முள்ளைப் பார்க்கவே இல்லை. "இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு சிரித்து, "கலாஸ், விஷயம் முடிஞ்சுது, திருப்பி அனுப்பிடலாம்," என்றார்.

மறுநாள் பெயர் எதுவும் எழுதாத பிக்கப் ஒன்று வந்து எல்லாச் சிலிண்டர்களையும் ஏற்றியது. திருப்பி அனுப்புவதானால் மெயின் ரோட்டுக்குப் போயிருக்க வேண்டும். அது எங்கள் வரிசையிலேயே, மற்ற ஒர்க்‌ஷாப்புகள் இருக்கும் பக்கமாகத் திரும்பியது.

"பாத்தீரோ?" என்றார் அவர்.

அன்று மாலை கேஃப்டீரியாவில் டீ குடிக்க வந்த மெக்கானிக்குகள் எல்லோரிடமும் பேச்சோடு பேச்சாகச் சொன்னோம்: வாங்கின சிலிண்டரை ஐஸ்ல வச்சுப் பாத்துட்டு நிரப்புங்க. சிலர் சிரித்தார்கள். ஒரு மலையாளி மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து தன் கடைப் பக்கம் வேகமாக நடந்தார்.

அதற்குப் பிறகு மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார், எதுவும் கேட்கமாட்டார். அந்த வருஷக் கடைசியில் என் விசாவைப் புதுப்பிக்கவில்லை. ஆள் அதிகம் என்றார்கள். நான் ஊருக்குப் புறப்படும் முன்பே என் இடத்துக்கு ஒரு புது மெக்கானிக் வந்து சேர்ந்திருந்தார்.