நான் கோடு போட்டுக் கொடுத்த பெயர்

எண்பதுகளின் கடைசியில் செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தனியார் எலக்ட்ரானிக்ஸ் பயிற்சி நிலையத்தில் நான் ஆசிரியை. டிப்ளமோ முடித்த திமிர் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

நிலையத்தில் ஒரு மைக்ரோபிராசசர் கிட் இருந்தது. ஐசி என்ற சின்னக் கறுப்புச் சில்லுகளைத் தானாகச் சோதிக்க அதில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஐசியைப் பொருத்திவிட்டால் போதும், சிக்னல் அனுப்பி, பதில் சரியா என்று அதுவே பார்த்துப் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ போடும். கரண்ட் போனால் புரோகிராம் அழிந்துவிடும், நோட்டைப் பார்த்து முதலிலிருந்து தட்ட வேண்டும். அதையும் பெருமையாகவே செய்தேன்.

ஆனால் காலையில் பச்சை வாங்கிய ஐசி, மத்தியான வகுப்பில் மாணவர்களின் சர்க்யூட்டில் வேலை செய்யாது. மறுநாள் காலையில் சோதித்தால் மறுபடியும் பச்சை. புரோகிராமில் தப்பைத் தேடித் தேடித் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கடைசியில் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் போய்ப் புலம்பினேன். எங்கள் நிலையத்துக்கு உதிரிப் பாகங்கள் தருபவர் அவர்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஸ்டூலில் ஏறி, தகரக் கூரைமேல் இருந்த ஒரு தட்டை இறக்கினார். வடகம் காயப்போட்ட மாதிரி அதில் ஐசிகள். பழைய பாகம் எதையும் வெயிலில் சுடவைத்து, ஆறுவதற்குள் சோதிப்பது அவர் வழக்கமாம். ஆறிக் கிடக்கும்போது எல்லாமே நல்ல பிள்ளைதான், சூடேறினால்தான் கோளாறு தெரியும் என்றார்.

பழைய சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிரித்து, ஐசியைச் சூடாக்க ஒரு சின்ன ஏற்பாடும் அவரே செய்து கொடுத்தார். சூடு ஏறுவதற்கு முன் ஒரு தடவை, ஏறியபின் ஒரு தடவை சோதிக்கும்படி புரோகிராமை மாற்றினேன். ஏமாற்றிக்கொண்டிருந்த ஐசிகள் எல்லாம் மாட்டிக்கொண்டன.

காப்புரிமைக்கு எழுதிப் போடலாம் என்றார் நிலைய முதல்வர். உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் யார் என்று படிவம் கேட்டது. என் பெயரை மட்டும் டைப் அடித்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இன்னொரு பெயருக்கு இடமும் இருந்தது. பெங்களூரில் வேலை தேடும்போது ஒற்றைப் பெயர் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு அற்பப் புத்தி.

தபாலில் போடுவதற்கு முந்தின நாள் பாய் அதைப் பார்க்கவேண்டும் என்றார். கார்பன் காப்பியை எடுத்துப்போனேன்.

"எம்பேரு எங்க இருக்குது, படிச்சுக் காட்டுங்க டீச்சர்."

இங்கிலீஷ்தானே, அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று, இல்லாத அவர் பெயரை என் பெயரோடு சேர்த்து வாசித்தேன். வீட்டில் காட்டவேண்டும், அதன் கீழே ஒரு கோடு போட்டுத் தாருங்கள் என்றார். என் பெயருக்குக் கீழேயே கோடு போட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு எனக்கு ஒரு டீ வரவழைத்தார்.

பெங்களூரில் வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளப் போனேன். பாய் ஒரு ஐசியைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, அதன் மேலிருந்த பொடி எழுத்துகளை இங்கிலீஷில் டப்பா மேல் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் அலமாரி நிறைய அந்த எழுத்துதான். இரண்டு வருடமாக அதைப் பார்த்துத்தான் பாகங்கள் வாங்கியிருக்கிறேன். முகம் தீயாக எரிந்தது.

அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன்.

"எம்பேருக்கு இங்கிலீஷ்ல அஞ்செழுத்துதான் டீச்சர். நீங்க கோடு போட்டதுல பதினொண்ணு இருந்துச்சு."

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். அதுக்குத்தான் டீ சொன்னேன், கொஞ்ச நேரம் ஒக்காருவீங்கன்னு."

அன்று அந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.