தலைகளைப் பார்க்கும் ஆபரேட்டர்

சின்னக்கருப்பின் இடது கை பிலிம் சுருளை அவிழ்க்கிறது. வலது கட்டைவிரலின் நகம் சுருளின் ஓரத்துத் துளைகள் மேல் ஓடுகிறது. அவர் பார்வை இந்த இரண்டிலும் இல்லை. எதிரே நிற்கும் பஞ்சாலைப் பயிற்சியாளரின் முகத்தில் இருக்கிறது. "என்னத்துக்குப் பயப்படுறீக? மிசினுதானே, கடிக்கவா போகுது" என்கிறார். நகம் ஓரிடத்தில் தட்டி நிற்கிறது. குனிந்து பார்க்காமலே கிழிசலை நறுக்கி, சட்டைப் பையிலிருந்து சிறு புட்டியை எடுத்து, தீக்குச்சி முனையால் பசை தொட்டு ஒட்டுகிறார். ஒட்டிய இடத்தை இரண்டு விரலால் அழுத்தியபடி பத்து எண்ணுகிறார். மற்ற ஒன்பது நகங்களையும் ஒட்ட வெட்டியிருப்பார். இந்த ஒன்றை மட்டும் வளர்க்கிறார். நான் மேட்ரன், நாற்பது வருடம் நர்சுகளின் நகங்களைச் சோதித்தவள். அவரைப் பார்த்த முதல் நாள் என் கண்ணில் பட்டது அந்த நகம்தான்.

பசைக்கு வாழைப்பழ மணம். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் குழந்தைகள் அவர் சட்டைப் பையைப் பார்த்துக் கை நீட்டும். அவர் புட்டியை எடுத்துக் காட்டுவார். குழந்தைகள் அழும். அவருக்கு அது பழகிவிட்டது.

காரைக்குடிக்கு வெளியே ஒரு டூரிங் டாக்கீஸில் அவர் ஆபரேட்டர். இருபத்தைந்து வருடமாகப் படம் ஓட்டுகிறார். ஒரு படத்தின் கதையையும் சொல்லத் தெரியாது. நன்றாக ஓடிய படம் எதைப் பற்றிக் கேட்டாலும், "அது பதினாறு ரீலு. நாலாவது ரீலுக்கு மொனை கிழிசல்" என்பார். கொட்டகையில் அவர் திரையைப் பார்ப்பதில்லை. சுவர் ஓட்டை வழியாகச் சனங்களின் பின்தலைகளைப் பார்ப்பார். "தலை அசையலைன்னா படம் சரியா இருக்குன்னு அர்த்தம். தலை நம்ம பக்கம் திரும்புச்சுன்னா தப்பு நம்ம மேல." வீட்டிலும் இதே பழக்கம்தான். "சோத்தப் பாக்காம எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே திங்கிறாரு. உப்புக் கூடுனா எங்களப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறாரு" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

இரண்டு ஆட்டமும் ராத்திரியில். பகல் அவருடையது. அந்தப் பகலில் அவர் செய்யும் வேலைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. ஆலை, ஆஸ்பத்திரி, பஸ் டெப்போ என்று தொழில் கற்றுக்கொடுக்கும் இடங்களுக்கெல்லாம் படம் காட்டும் கருவிகள் பெட்டி பெட்டியாக வருகின்றன. பெட்டியோடு ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் வருகிறது. கருவியைப் பார்த்து நடுங்கும் ஆசிரியருக்குத் தைரியம் சொல்ல ஆள் வருவதில்லை. அந்த ஆள் சின்னக்கருப்பு. அவரை இதில் இழுத்துவிட்டவள் நான்.

1967இல் கோட்டையூரில் கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஒரு செட்டியார் வீட்டின் முன்கட்டை அதற்காக விட்டிருந்தார்கள். பின்கட்டில் வீட்டுக்கார சாலா ஆச்சி குடியிருந்தார். பாடம் நடத்தியவர் பொன்னுத்தாயி. இருபது வருடமாக ஒரு துணிப் பொம்மையையும் தன் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் அழுக்குக் கத்தியால் தொப்புள்கொடி அறுப்பதில்லை. அதற்கு மேல் சான்றிதழ் வேண்டியதில்லை என்று நான் நினைத்தேன். மேலிடம் அப்படி நினைக்கவில்லை. ஒரு புரொஜக்டரும் தகர டப்பாக்களில் பிலிம் சுருள்களும் வந்தன. பின்னாலேயே கடிதம் வந்தது. ஒரு மாதத்தில் அதிகாரி வருவார். கருவியைக் கொண்டு வகுப்பு எடுக்கத் தெரியாத ஆசிரியர்கள் வார்டு வேலைக்கு மாற்றப்படுவார்கள்.

வார்டு என்றால் ராமநாதபுரம் பக்கம் எங்கேயாவது போடுவார்கள். பொன்னுத்தாயியின் தாயார் பக்கவாதம் வந்து கோட்டையூரில் படுக்கையில் இருந்தார். இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்ப வேறு ஆள் இல்லை. படுக்கைப் புண் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.  நான் டாக்கீஸுக்கு ஆள் அனுப்பினேன்.

சின்னக்கருப்பு வந்து கருவியைச் சுற்றிப் பார்த்தார். அது ஓடுகிற படம் காட்டுவது அல்ல. குமிழைத் திருகினால் ஒவ்வொரு படமாக நின்று நின்று வரும். "எங்க டாக்கீஸ் மிசினுக்கு முன்னால இது கைப்புள்ள" என்றார். கூலியாக லென்ஸ் துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும் கேட்டார். முதல் வாரம் ஸ்பிரிட்டை அளந்து கொடுத்தேன். குடிக்கவில்லை என்று தெரிந்ததும் அளப்பதை விட்டேன்.

பொன்னுத்தாயி சுருளைப் பாம்புச் சட்டை போல நுனிவிரலால் தூக்கினார். "டீச்சரம்மா, விளக்கு அணைஞ்சுபோன வீட்டுல கொடி கட்டியிருக்கீகளா?" என்று கேட்டார் சின்னக்கருப்பு.

"எத்தனையோ தடவ."

"கண்ணு தெரிஞ்சா கட்டுனீக? வெரலுதானே கட்டுச்சு. இதுவும் அம்புட்டுத்தான்."

மின்சாரம் போடாமல், கண்ணை மூடிக்கொண்டு சுருளை மாட்டிக் கழற்றச் சொன்னார். நாற்பது தடவை. நாற்பத்தோராவது தடவை பொன்னுத்தாயி கண்ணைத் திறந்து, "போதும்ணே, இது தானாப் போகுது" என்றார். கருவி வசமாகிவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதல் ஒத்திகையைச் சுவரில் பார்த்தோம். செட்டிநாட்டுச் சுவர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது. அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். படம் பார்க்க முடியாது. விளக்கு வெளிச்சம் அப்படியே திரும்பி வந்து கண்ணில் அடித்தது. படத்தில் இருந்த குழந்தையின் வயிற்றில் சூரியன் உதித்தது போல இருந்தது. திரை கட்டலாம் என்றால் சாலா ஆச்சி குறுக்கே வந்தார். "இந்தச் செவுத்துல ஆணி அடிக்கிறதா இருந்தா மொதல்ல என் நெத்தியில அடிச்சுக்கங்க."

இரண்டாவது ஒத்திகைக்கு இரண்டு கம்புகளில் போர்வை கட்டி, கதவுகளை அடைத்து, இருட்டாக்கினோம். பொன்னுத்தாயி போர்வையைப் பார்த்து நின்று, படத்தின் கீழ் இருந்த எழுத்துகளை ஒன்றுவிடாமல் வாசித்தார். கதவைத் திறந்தபோது பதினொரு மருத்துவச்சிகளில் நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சரம்மா, போர்வைக்குப் பாடம் நடத்துனீக" என்றார் சின்னக்கருப்பு. "போர்வ நல்லாக் கேட்டுக்கிச்சு."

பொன்னுத்தாயிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "நான் அவளுக கையப் பாத்துச் சொல்லிக் கொடுக்கிறவ. எவ விரலு தடுமாறுது, எவ மொகம் முழிக்குதுன்னு பாத்துத்தான் எனக்கு அடுத்த வார்த்தையே வரும். இருட்டுல நான் யாரைப் பாக்க? என்னைய வார்டுக்கே அனுப்பச் சொல்லுங்க மேட்ரனம்மா."

சின்னக்கருப்பு சுருளைக் கழற்றி வைத்தார். கருவியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். ஒவ்வொரு கதவாகத் திறந்து, நின்று பார்த்து, மூடினார். அரை மணி நேரம் கழித்துக் கூடத்தை ஒட்டிய உள்ளறையின் வாசலில் நின்று கூப்பிட்டார். சன்னல் இல்லாத அறை. தேக்கு நிலைவாசல். நிலையின் மேல் மாவிலைத் தோரணம் கட்டுகிற கொக்கிகள் ஏற்கெனவே இருந்தன.

"திருவிழாக் கூட்டத்துல கொட்டகை கொள்ளாதப்ப சனம் திரைக்கு அங்குட்டும் உட்காரும். துணிய நனைச்சுவிட்டா அங்குட்டும் படம் தெரியும். மிசினு உள்ள இருக்கட்டும், நான் உள்ள இருக்கேன். நீங்க வெளிய வெளிச்சத்துல நில்லுங்க. படம் உங்க தோளுக்குப் பக்கத்துல வரும். நீங்க அதத் திரும்பிப் பாக்கவே வேணாம்."

பின்னாலிருந்து காட்டினால் வலது இடதாகும். சுருளைத் திருப்பி மாட்டப் பொன்னுத்தாயிக்குச் சொல்லிக் கொடுத்தார். முற்றத்திலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஒரு பாயை மட்டும் மறைப்பாகக் கட்டினார். கூடத்தில் முகங்கள் தெரிந்தன, படமும் தெரிந்தது. அன்னக்கிளி என்ற எங்கள் ஆயாவுக்குத் துணியை நனைத்துக் கட்டும் வேலை. மூன்று வாரம் ஒத்திகை. ஒருத்தியும் தூங்கவில்லை.

அதிகாரி அம்மாள் வந்த அன்று நானும் பொன்னுத்தாயியும் வாசலில் நின்று வரவேற்றோம். கூடத்துக்குள் நுழைந்ததும் பார்த்தேன். நிலையில் தொங்கிய துணி மஞ்சளாக இருந்தது. அன்னக்கிளியைத் தூணுக்குப் பின்னால் இழுத்தேன்.

"வர்றவுக பெரிய மனுசி" என்றாள். "வெள்ளத்துணிய ஈரத்தோட நெலையில கட்டுனா எழவு வீடு மாதிரியில்ல இருக்கும். ஆச்சியும் அதத்தான் சொன்னாக. மஞ்சத்தண்ணியில முக்கிக் கட்டுனேன்."

மாற்ற நேரமில்லை. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்துவிட்டார். உள்ளே விளக்கு எரிந்தது.

அன்றைய பாடம் கொடி கட்டுவது. முதல் மூன்று படங்கள் கத்தரியும் நூலும் கொதிக்கும் பாத்திரமும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான்காவது படம், அப்போதுதான் பிறந்த குழந்தை. கறுப்பு வெள்ளைப் படம். மஞ்சள் துணியில் அந்தக் குழந்தை தலை முதல் கால் வரை பழுத்துக் கிடந்தது.

வலையபட்டி மருத்துவச்சி முன்னால் குனிந்தார். "டீச்சரம்மா, புள்ள மஞ்சளாவுல்ல கெடக்கு."

"மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டியிருப்பாக" என்றார் பக்கத்தில் இருந்த கொத்தமங்கலத்துக்காரர்.

"கொடியே இன்னும் அறுக்கல, அதுக்குள்ள யாரு குளிப்பாட்டுனது? உங்க ஊர்ல வயித்துக்குள்ளயே குளிப்பாட்டிருவாகளோ?"

சிரிப்பு எழுந்தது. அதிகாரி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். நான் பொன்னுத்தாயியைப் பார்த்தேன். துணியில் சாயம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் துணிப் பக்கம் திரும்பவேயில்லை. பதினொரு முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சரி. பொறந்து ஒரு நாளான புள்ள. நீங்க போறதுக்கு முந்தியே வீட்டுல மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டிட்டாக. இது தேச்ச மஞ்சளா, காமாலையா? எப்படிக் கண்டுபிடிப்பீக?"

சிரிப்பு நின்றது. எல்லாருக்கும் நடந்திருக்கக்கூடியது அது. ஒருவர் துணியால் துடைத்துப் பார்ப்பேன் என்றார். துடைத்தால் இரண்டுமே போகாது என்றார் இன்னொருவர். விரலால் அழுத்தினால் தெரியும் என்றார் மூன்றாமவர். மேலே மஞ்சள் பூசியிருந்தால் அழுத்தினாலும் மஞ்சள்தானே என்று அவரை மடக்கினார்கள். கடைசி வரிசையில், மூன்று வாரமாக வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தார். "கண்ணு முழியப் பாக்கணும். ஈறப் பாக்கணும். அங்கிட்டெல்லாம் யாரும் மஞ்சத் தேய்க்க மாட்டாக."

பொன்னுத்தாயி அவரை முன்னே அழைத்துப் பொம்மையைக் கையில் கொடுத்தார். கண் இமையை எப்படி விலக்குவது, ஈறை எப்படிப் பார்ப்பது, வெளிச்சத்துக்கு எப்படித் தூக்குவது. ஒவ்வொருத்தராக வந்து செய்து காட்டினார்கள். தடுமாறிய விரலைப் பிடித்துத் திருத்தினார். முதல் நாளே முழி மஞ்சளானால் தாயத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர வேண்டும் என்று சொல்ல வைத்தார். "அப்பக் குளிப்பாட்டுறதுக்கு முந்தியே பாத்துரணும்" என்று வலையபட்டிக்காரர் முடித்து வைத்தார். இருபது நிமிடம் ஆனது. இருபது நிமிடமும் அந்தக் குழந்தை துணியில் அப்படியே இருந்தது.

அதிகாரி கேட்டார்: "இது கறுப்பு வெள்ளைச் சுருள் அல்லவா?"

"ஆமாங்கம்மா."

"காமாலை அதில் இருக்கிறதா?"

"இல்லங்கம்மா. இவுகளுக்கு வந்துச்சு, கேட்டாக."

அதிகாரி நோட்டில் எழுதினார். நான் உள்ளறைக்குப் போனேன். அந்தக் கருவியில் ஒரே படத்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் விளக்குச் சூட்டில் பிலிம் கொப்புளித்துவிடும். சின்னக்கருப்பு சட்டையைக் கழற்றிவிட்டு, பனையோலை விசிறியால் கருவிக்கு விசிறிக்கொண்டிருந்தார். இடது கையால் நிலைக்கும் துணிக்கும் நடுவில் ஓர் இடுக்கை விலக்கிப் பிடித்து, கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் வேர்வை.

"விளக்கை அணைத்திருக்கலாமே" என்றேன்.

"ஒரு தலையும் இங்குட்டுத் திரும்பல மேட்ரனம்மா. அணைச்சா திரும்பும்."

புறப்படும்போது அதிகாரி சொன்னது இரண்டு விஷயம். பொன்னுத்தாயி இங்கேயே இருக்கலாம். அடுத்த மாதம் வேறு இரண்டு நிலையங்களின் ஆசிரியர்கள் இந்த வகுப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருவார்கள். பொன்னுத்தாயி தலையாட்டிவிட்டு, மணி பார்த்து, தாயாரைத் திருப்பிப் படுக்க வைக்க வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை அன்னக்கிளி துணியை அலசி முற்றத்து வெயிலில் விரித்துக் கட்டியிருந்தாள். மஞ்சள் கறை எதற்கும் போகாது, வெயிலுக்குத்தான் போகும். எட்டு மணிக்கு சின்னக்கருப்பு வந்தார். மஞ்சள் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று துணியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதைக் கொடியிலிருந்து உருவி, முற்றத்தைக் கடந்து, வெயில் படாத நடையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் இரண்டு தூண்களுக்கு நடுவில் கட்டினார்.

"அது நெழலுல்ல. அங்குட்டுக் கட்டுனா கறை போகாதுண்ணே" என்றாள் அன்னக்கிளி.

"போகாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டு, சுருக்கம் விழாமல் ஓரத்தை இழுத்துவிட்டார்.